இஞ்சிக்குப் பூண்டைப் பிடிக்கவில்லை

சனிக்கிழமை சாயங்காலம் பூண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியது. ஐந்தே நிமிடத்தில் வீடு ரணகளமாகிவிட்டது.

பூண்டு என்றால் சமையலறைப் பூண்டு இல்லை. அது ரைஹானா வீட்டுப் பூனை. வெள்ளை வெளேர் என்று இருப்பதால் அந்தப் பெயர். அதோடு கூடப் பிறந்த இன்னொரு பூனையின் பெயர் இஞ்சி. அது இஞ்சித் தோல் நிறத்தில் இருக்கும்.

ரைஹானாவுக்குப் பதினோரு வயது. பூந்தமல்லியில் அவள் வீட்டின் முன்பக்கம் மெத்தைக் கடை. அவளுடைய அத்தா, அதாவது அப்பா, ஹாஜா மொய்தீன் அங்கே இலவம் பஞ்சில் மெத்தையும் தலையணையும் தைத்து விற்கிறார். பின்பக்கம் வீடு. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு.

அத்தா ஸ்கூட்டரிலிருந்து இறங்கி, கையிலிருந்த கட்டைப்பையைக் கூடத்தில் வைத்தார். பைக்குள்ளிருந்து பூண்டு தலையை நீட்டியது. "மியாவ்" என்றது.

"இஞ்சி! இங்க பாரு யார் வந்திருக்காங்கன்னு!" என்று ரைஹானா கூப்பிட்டாள்.

இஞ்சி ஓடி வந்தது. மூக்கை நீட்டிப் பூண்டை முகர்ந்தது. அவ்வளவுதான். அதன் முதுகு வில்லாக வளைந்தது. வால் பாட்டில் கழுவும் பிரஷ் போலப் புஸ்ஸென்று உப்பியது. "ஹிஸ்ஸ்ஸ்!" என்று சீறிக்கொண்டே பூண்டின் மூக்கில் பளார் என்று ஓர் அறை விட்டது.

பூண்டு கத்திக்கொண்டு அலமாரி மேல் ஏறியது. அலமாரி மேலிருந்த எவர்சில்வர் டப்பா உருண்டு விழுந்தது. டப்பா விழுந்த சத்தத்தில் ரைஹானாவின் தம்பி அஸ்கர் வீல் என்று அலறினான். அவனுக்கு ஆறு வயது. எதற்கும் அலறுவான்.

"வந்ததும் வராததுமா இன்னாடி இது?" என்று அம்மா நசீம் பானு சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

ரைஹானாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. "பைத்தியமா நீ? அது பூண்டு! நம்ம பூண்டு!" என்று இஞ்சியைத் திட்டினாள். இஞ்சி அவளைப் பார்த்தும் லேசாகச் சீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

இந்த இரண்டும் சண்டை போட்டு யாரும் பார்த்ததே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் கடையில் ஒரு பஞ்சு மூட்டைக்குள் பிறந்தவை. அன்றிலிருந்து ஒன்றாகத்தான் சாப்பிடும், ஒன்றாகத்தான் தூங்கும். மத்தியானம் வெயில் ஏறியதும் பழைய தலையணை ஒன்றின் மேல் இரண்டும் படுத்துக்கொள்ளும். இஞ்சி தன் முன்னங்காலைப் பூண்டின் கழுத்தில் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நெற்றி, காது, கன்னம் என்று நக்கிக்கொண்டே இருக்கும். அம்மா அஸ்கரைப் பிடித்து வைத்துத் தலை சீவுவாரே, அதே பிடி. பூண்டு கண்ணை மூடித் தலையைக் குனிந்து காட்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பூண்டு இஞ்சியை நக்கும். நடுவில் ஒரு செல்லக் கடி. பிறகு மறுபடியும் நக்கும்.

போன வியாழக்கிழமை கடையில் கிடந்த தையல் நூலை வைத்துப் பூண்டு விளையாடியது. நூல் நாக்கில் சுற்றி, பாதி தொண்டைக்குள் போய்விட்டது. அத்தா அலறியடித்துக்கொண்டு அதைப் பிராணிகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். அங்கே மயக்க ஊசி போட்டு நூலை எடுத்தார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். ரொம்ப அழுக்காகிவிட்டதே என்று சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியும் அனுப்பினார்கள்.

அந்த இரண்டு நாளும் இஞ்சி சரியாகச் சாப்பிடவில்லை. வீடு முழுக்கத் தேடித் தேடிக் கத்தியது. அப்படித் தேடிய பூனை, தேடியது திரும்பி வந்ததும் அறைகிறது என்றால் என்ன அர்த்தம்?

ரைஹானா அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நிலைமை இன்னும் மோசமானது.

காலையில் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இஞ்சி தன் தட்டை விட்டுவிட்டுப் பூண்டை விரட்டியது. மத்தியானம் இஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு நியாயம் பேசினாள். "உனக்கு வேற யாரு இருக்கா சொல்லு. அம்மாவா இருக்கு? அப்பாவா இருக்கு? பூண்டுதானே இருக்கு?" இஞ்சி கொட்டாவி விட்டது. சரி, மனம் மாறிவிட்டது என்று நினைத்துப் பூண்டின் பக்கம் திருப்பிக் காட்டினாள். மறுபடியும் "ஹிஸ்ஸ்ஸ்!" இந்த முறை ரைஹானாவின் கையிலும் நான்கு கோடுகள்.

யோசனை சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைவில்லை.

"கண்டுக்காம உடு. தானா சரியாயிடும்" என்றார் அம்மா. இப்படிச் சொல்லிவிட்டு, பூண்டு வந்த நல்ல நாளில் வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று பூனைகள் படுக்கும் தலையணை உறையையும் சோப்பில் ஊறப்போட்டார்.

"ரெண்டுத்து மேலயும் ஒரு சொம்புத் தண்ணிய ஊத்து. அடங்கிடும்" என்றார் முனியம்மா. அவர் கடையில் மெத்தை தைப்பவர். கையில் எப்போதும் ஒரு நீளமான கோணி ஊசி இருக்கும். பேசும்போது அதை ஆட்டி ஆட்டிப் பேசுவார் என்பதால், அவர் சொல்வதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

"ரெண்டு பூனையையும் நாய்க்குட்டியா மாத்திடலாம்" என்றான் அஸ்கர்.

"நீ சும்மா இருடா!" என்றாள் ரைஹானா.

திங்கட்கிழமை அவள் பள்ளியிலிருந்து வந்தபோது கடை வாசலில் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. பஞ்சுக் கடையில் பஞ்சு பறப்பது அதிசயமில்லை. ஆனால் அன்றைக்குத் தெரு வரைக்கும் பறந்தது. எதிர்க்கடைக் கண்ணாடி மேல், நிறுத்தியிருந்த ஷேர் ஆட்டோ மேல், எல்லாம் வெள்ளை.

உள்ளே அத்தா இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் தாடியிலும் பஞ்சு. காலடியில் சிவப்புப் பட்டு உறை போட்ட மெத்தை, ஓரமாக ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து கிடந்தது.

"கல்யாண மெத்தைமா இது" என்றார் அத்தா. குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. அத்தா மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். "அடுத்த ஞாயித்துக்கிழமை குடுக்கணும். பூண்டு கீழ எறங்குனதும் இஞ்சி இங்க வரைக்கும் துரத்திச்சு, உன் பூனைங்க ரெண்டும் இது மேலதான் குஸ்தி போட்டுச்சு."

"நாலு நாளு தச்சேன் பாய் இத்த!" என்று முனியம்மா ஊசியை ஆட்டினார். "இன்னா ரைஹானா, குழாயடியிலகூட இந்த மாதிரி சண்டை பாத்தது இல்ல நானு. ஒன்னு கத்துது, இன்னொன்னு கடிக்குது. நடுவுல போய் நான் வேற மாட்டிகினேன்."

அத்தா தாடியிலிருந்த பஞ்சை எடுத்தார். "வானகரம் மீன் மார்க்கெட்டுல ஜம்புலிங்கம்னு ஒருத்தர் இருக்காரு. கடையில எலித் தொல்லை, ஒரு பூனை இருந்தா குடு பாய்னு ரொம்ப நாளா கேக்குறாரு. நல்ல மனுஷன். ஞாயித்துக்கிழமை மீன் வாங்கப் போறப்ப பூண்டைக் கொண்டுபோய் அவர்கிட்ட விட்டுடறேன்."

"அத்தா!"

"அங்க மீனுக்கா பஞ்சம்? ராஜா மாதிரி இருக்கும். இங்க பாரு, பயந்து பயந்து அலமாரி மேலயே கெடக்குது. கீழ எறங்கி ரெண்டு வாய் நிம்மதியா சாப்பிட்டுச்சா?"

அது உண்மைதான். பூண்டு மூன்று நாளாக அலமாரியைவிட்டு இறங்கவே பயந்தது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டும் சேர்ந்துடுச்சுன்னா?" என்று கேட்டாள்.

அத்தா கிழிந்த மெத்தையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "சேர்ந்தா பாக்கலாம்" என்றார். அவர் நம்பவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது.

அன்று முதல் நடுக்கதவை மூடி வைத்தார்கள். இஞ்சி கடைப் பக்கம், பூண்டு வீட்டுப் பக்கம். மெத்தையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி உயரத்தில் தூக்கி வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ரைஹானாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. போன வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது அத்தா தடவியிருந்த அத்தரை முகர்ந்துவிட்டு எல்லோரும் "ஆகா, என்ன வாசனை!" என்று சிரித்தார்களே. வாசனை நன்றாக இருந்தால் யாருக்குமே பிடித்துப்போகும். பூண்டு நன்றாக மணந்தால் இஞ்சிக்கும் பிடிக்காதா?

வீட்டுக்கு வந்ததும் அத்தாவின் அலமாரியிலிருந்த சின்ன அத்தர்ப் புட்டியை எடுத்தாள். பூண்டின் கழுத்தில் ஒரு சொட்டு. பாரபட்சம் வேண்டாம் என்று இஞ்சிக்கும் ஒரு சொட்டு. அஸ்கர் தானும் கழுத்தை நீட்டினான். அவனுக்கும் ஒரு சொட்டு.

பூண்டு ஏழு முறை தும்மியது. பிறகு அலமாரியிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து தண்ணீர்க் குடத்துக்கும் தாவியது. குடம் கவிழ்ந்தது. கடைப் பக்கம் இஞ்சி தன் கழுத்தைச் சுவரில் தேய்த்துத் தேய்த்து, பஞ்சு மூட்டைக்குள் தலைகீழாகப் போய்ச் சொருகிக்கொண்டது. வால் மட்டும் வெளியே தெரிந்தது.

"யாருடி ஜும்மாத் தொழுகைக்கு வச்சிருந்த அத்தரைத் தொட்டது?" என்று அம்மா கேட்டார்.

"நான் இல்லம்மா" என்றான் அஸ்கர், கழுத்து கமகமக்க.

ரைஹானா ஈரத் துணியால் இரண்டு பூனையையும் துடைத்தாள். தரையைத் துடைத்தாள். அம்மாவிடம் திட்டு வாங்கினாள். இப்போது இஞ்சிக்குப் பூண்டைப் பிடிக்கவில்லை, பூண்டுக்கு இஞ்சியைப் பிடிக்கவில்லை, இரண்டுக்கும் ரைஹானாவைப் பிடிக்கவில்லை.

"போங்க! எப்படியோ போங்க! எனக்கு என்ன வந்துச்சு?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு கடைக்குள் போய் ஒரு திண்டின் மேல் சாய்ந்தாள். அழுகை வந்தது. அழவும் எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது.

கடைச் சுவரில் ஓர் ஆணியில் அந்தக் கட்டைப்பை தொங்கிக்கொண்டிருந்தது. பூண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பை. அத்தா அதை எடுத்து, தைத்த தலையணை உறைகளைப் போடுவதற்காகக் கீழே வைத்தார். பஞ்சு மூட்டையிலிருந்து வெளியே வந்த இஞ்சி, பையின் அருகில் போய் முகர்ந்தது.

முதுகு வளைந்தது. வால் உப்பியது. "ஹிஸ்ஸ்ஸ்!"

பைக்குள் யாரும் இல்லை. காலிப் பை.

"இன்னா இது, பைகூடவும் சண்டையா?" என்று அத்தா சலித்துக்கொண்டார். "போச்சு. இனிமே கடையில ஒன்னு விடாம எல்லாத்தோடவும் போடும்."

ரைஹானா எழுந்து உட்கார்ந்தாள். அழுகை பாதியில் நின்றது. பையை இழுத்து உள்ளே முகத்தை விட்டு முகர்ந்தாள். மருந்து நெடி. தரை கழுவும் தண்ணீரின் நெடி. கூடவே ஏதோ நாய்களின் வாடையும், வாசனைச் சோப்பின் மணமும்.

"அத்தா! இது பூண்டு மேல இருக்கிற வாசனை!"

"ஆமா. பூண்டு இதுலதானே வந்துச்சு."

"அதில்லத்தா. இஞ்சி சண்டை போடறது பூண்டுகூட இல்ல. இந்த வாசனைகூட!"

அத்தா உறைகளை எண்ணிக்கொண்டே "உம்" என்றார். அவர் காதில் விழவில்லை.

ரைஹானா அப்படியே உட்கார்ந்து யோசித்தாள். நாம் ஆளை முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்கிறோம். இஞ்சி எதையுமே முதலில் முகர்ந்துதான் பார்க்கிறது. சாப்பாட்டை, செருப்பை, பள்ளிக்கூடப் பையை, எல்லாவற்றையும். அப்படியென்றால் மத்தியானம் மத்தியானம் இரண்டும் ஒன்றையொன்று நக்கிக்கொண்டதே, அது அழுக்குப் போவதற்காக மட்டும் இல்லையோ? தன் வாசனையைப் பூண்டின் மேல், பூண்டின் வாசனையைத் தன் மேல் என்று பூசிப் பூசி, இரண்டுக்கும் ஒரே வாசனையாக்கிக்கொண்டனவோ? நீ நம்ம ஆளு, நான் உன் ஆளு என்று தினமும் நாக்காலேயே சொல்லிக்கொண்டிருந்தனவோ?

ஆஸ்பத்திரியில் சோப்புப் போட்டதும் அது அத்தனையும் போய்விட்டது.

இஞ்சி இப்போது கடை வாசலில் போய் நின்று தெருவைப் பார்த்துக் கத்தியது. பூண்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோது கத்திய அதே குரல். ரைஹானா எழுந்து அதன் பக்கத்தில் போனாள். இஞ்சி இன்னும் பூண்டைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறது! கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதுதான் பூண்டு என்று பாவம் அதற்குத் தெரியவில்லை. எவனோ ஒரு புதியவன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்றுதான் விரட்டியிருக்கிறது.

"மூணு நாளா உன்னைப் போய்த் திட்டிட்டேனே" என்று அதன் முதுகைத் தடவினாள்.

புதன்கிழமை காலையிலேயே வேலையை ஆரம்பித்தாள். இரண்டும் சேர்ந்து படுத்த தலையணை உறை கிடைத்தால் போதும், பழைய வாசனை அதில் இருக்கும்.

"அம்மா, அந்த உறை எங்க?"

"துவைச்சுக் காயப்போட்டு மடிச்சே வச்சுட்டேன்" என்றார் அம்மா பெருமையாக.

ரைஹானா கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். இந்த வீட்டில் தேவையில்லாத நேரத்தில்தான் எல்லாம் சுத்தமாகும்.

சரி, உறை இல்லாவிட்டால் என்ன? இஞ்சியே இருக்கிறது. அஸ்கரின் பழைய பனியன் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். இஞ்சியின் கன்னத்திலும், இரண்டு காதுகளுக்கு நடுவிலும், தாடைக்குக் கீழேயும் மெதுவாகத் தேய்த்தாள். பூண்டு எங்கே எங்கே நக்குமோ அங்கே எல்லாம். பிறகு உள்ளே வந்து, அதே பனியனால் பூண்டின் கன்னம், காது, தாடை. பிறகு பூண்டின் மேல் தேய்த்த பனியனை மறுபடி இஞ்சியிடம்.

முதல் தடவை இஞ்சி பனியனைப் பார்த்துச் சீறியது. பனியனுக்கு ஓர் அறையும் கிடைத்தது.

"அடிச்சுக்கோ. பனியனுக்கு வலிக்காது" என்றாள் ரைஹானா.

பள்ளிக்குப் போகுமுன் ஒரு முறை, வந்ததும் ஒரு முறை, படிக்க உட்காருமுன் ஒரு முறை. இதற்கு நடுவில் அஸ்கர் "எனக்கும் தேய், எனக்கும் தேய்" என்று கன்னத்தை நீட்டிக்கொண்டு வந்து நிற்பான். "உன்னை யாரு மறந்துட்டாங்க? போடா!" என்று அவள் விரட்டினாலும் போக மாட்டான். கடைசியில் அவனுக்கும் ஒரு தேய்ப்பு.

சாப்பாட்டுத் தட்டுகளை மூடிய நடுக்கதவின் இரண்டு பக்கமும் வைத்தாள். முதலில் கதவிலிருந்து நான்கடி தள்ளி. அடுத்த வேளை மூன்றடி. தட்டில் பொரித்த நெத்திலி. நெத்திலி மணக்கும்போது கதவுக்கு அந்தப் பக்க வாசனையும் சேர்ந்து வரட்டும் என்பது அவள் கணக்கு.

"இன்னா பண்ணிகினு கீறே நீ? பூனைக்குப் பனியன் போட்டு உடறியா?" என்று முனியம்மா கேட்டார்.

ரைஹானா விளக்கமாகச் சொன்னாள். முனியம்மா ஊசியைக் கொண்டையில் சொருகிக்கொண்டு கேட்டார். "தண்ணி ஊத்துனா ஒரு நிமிஷத்துல வேலை முடிஞ்சுடும். இதுக்கு இம்மாம் கஷ்டமா?" என்றார்.

ரைஹானா பனியனோடு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை தட்டுகள் கதவை ஒட்டி வந்துவிட்டன. இஞ்சி சாப்பிட்டு முடித்துக் கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்து முகர்ந்தது. சீறவில்லை. யோசித்தது. ரைஹானா துள்ளிக் குதிக்காமல் இருக்கத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. அஸ்கர் பந்தைத் தேடிக்கொண்டு நடுக்கதவைப் படீரென்று திறந்துவிட்டான். கதவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்த இஞ்சியும் பூண்டும் நேருக்கு நேர். இரண்டும் ஒரே சமயத்தில் திடுக்கிட்டன. பூண்டு எகிறி அலமாரிக்கு ஓடியது. இஞ்சி துரத்த ஓர் அடி எடுத்து வைத்தது.

ரைஹானா கதவை அடித்து மூடினாள். "அஸ்கர்! எத்தனை தடவை சொன்னேன்! எத்தனை தடவை!"

அஸ்கரின் உதடு பிதுங்கியது. "இஞ்சி கத்தவே இல்லக்கா" என்றான்.

ரைஹானா திட்டுவதற்குத் திறந்த வாயை மூடினாள். ஆமாம். துரத்தத்தான் பார்த்தது. ஆனால் சீறவில்லை. வாலும் உப்பவில்லை.

"நல்லாப் பார்த்தியா?"

"பார்த்தேன். வால் ஒல்லியாத்தான் இருந்துச்சு."

அவனைத் திட்டியது மனதைக் குத்தியது. பந்தை அவளே தேடி எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கடையில் சிவப்புப் பட்டு மெத்தை புதிதாகத் தைக்கப்பட்டுத் தரையில் விரித்திருந்தது. மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடியிருந்தார்கள். முனியம்மா காலையிலேயே வந்து கடைசித் தையலை முடித்திருந்தார். அத்தா ஸ்கூட்டர் சாவியையும் மூடி போட்ட பிரம்புக் கூடை ஒன்றையும் எடுத்தார்.

"ரைஹானா, பூண்டைக் கொண்டா."

"அத்தா, ஒரே ஒரு தடவை கதவைத் திறந்து பாத்துடலாம்."

"மெத்தை இங்க கெடக்குது. மறுபடியும் கிழிச்சா நான் எங்க போவேன்?"

"நானும் முனியம்மாக்காவும் மெத்தைக்கு முன்னாடி நிக்கிறோம். ஒரு கீறல்கூட விழாது."

"என்னை ஏன் இஸ்துகினு போறே?" என்றார் முனியம்மா. ஆனாலும் எழுந்து வந்து நின்றார்.

அத்தா கூடையைக் கீழே வைத்தார். "ஒரு தடவைதான்."

அம்மா உள்ளிருந்து பூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து கதவருகில் இறக்கிவிட்டார். ரைஹானா தாழ்ப்பாளை விலக்கினாள். கதவு கொஞ்சமாகத் திறந்தது.

பூண்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. உடம்பை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்கிக்கொண்டது.

இஞ்சி எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. நின்றது. இன்னும் இரண்டு அடி வந்தது. மூக்கை நீட்டியது. அத்தா ஒரு கையால் மெத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார், தூக்கிக்கொண்டு ஓடத் தயாராக இருப்பவர் போல. அஸ்கர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கில் பார்த்தான்.

இஞ்சி பூண்டின் கன்னத்தை முகர்ந்தது. காதை முகர்ந்தது. தொண்டைக்குள் "உர்ர்" என்று மெல்லிய சத்தம் வந்தது.

"முடிஞ்சுது" என்றார் அத்தா.

"இருங்கத்தா!"

பூண்டு ஓடவில்லை. மெதுவாகத் தலையைக் குனிந்து, நெற்றியை இஞ்சியின் முன்னால் நீட்டியது.

இஞ்சி முன்னங்காலைத் தூக்கியது.

அந்தக் கால் பூண்டின் கழுத்தின் மேல் விழுந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டது. இஞ்சி பூண்டின் நெற்றியை ஒரு முறை நக்கியது. நிறுத்தி யோசித்தது. மறுபடி நக்கியது. பிறகு காது, கன்னம், மறுபடி காது. ஒரு வாரத்துப் பாக்கியை எல்லாம் ஒரே மூச்சில் தீர்ப்பது போல நக்கித் தள்ளியது. பூண்டு கண்ணை மூடிக்கொண்டது. "கர்ர்ர் கர்ர்ர்" என்ற சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"அடியாத்தே!" என்று முனியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "தண்ணியே ஊத்தலையே!"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பஞ்சு விழுந்துடுச்சு" என்றார்.

ரைஹானா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாக அவளுக்கு வந்த எரிச்சல் முழுவதும் ஒரே ஒரு நீளமான பெருமூச்சாக வெளியே போனது. அஸ்கர் வந்து அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டான். அவன் தலை எண்ணெயும் புழுதியுமாக மணந்தது. அவள் தள்ளிவிடவில்லை.

அத்தா கூடையின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். "ஜம்புலிங்கத்துக்கு இப்ப நான் இன்னா பதில் சொல்றது?"

"மீன் மட்டும் வாங்கிட்டு வாங்கத்தா. நெத்திலி தீர்ந்துபோச்சு" என்றாள் ரைஹானா.

அத்தா வெளியே காலை எடுத்து வைக்கும் நேரத்தில் இஞ்சியும் பூண்டும் எழுந்தன. ஒன்றன் பின் ஒன்றாக நடந்தன. நேராகக் கல்யாண மெத்தை மேல் ஏறின. போர்வையின் நட்ட நடுவில் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு சுருண்டு படுத்தன. இரண்டே நிமிடத்தில் தூங்கியும் போய்விட்டன.

"ஏய், ஏய்! அது உங்க கல்யாணத்துக்குத் தச்சது இல்ல!" என்று அத்தா கத்தப் போனார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் "உஷ்ஷ்ஷ்!" என்றார்கள்.

அதே சமயம் அத்தாவின் செல்போன் அடித்தது. கல்யாண வீட்டுக்காரர்தான். அத்தா மெத்தையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்:

"ரெடியாயிடுச்சுங்க. ஆனா சாயங்காலமா வாங்க. இப்ப ரெண்டு பேரு படுத்துப் பார்த்துகினு கீறாங்க. மெத்தை ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்."